18 மீட்டர் கருங்கல் பாறையில் டாப் ரோப்: ஹார்டுவேர் கடை நைலான் கயிறு போதுமா?

கத்திரிவெயில் கேட்டது:

மதுரைப் பக்கம் ஒரு கருங்கல் பாறை. கயிற்றை உச்சியில் மாட்டி, கீழிருந்து ஒருவர் பிடிக்க ஏறும் டாப் ரோப் முறையில் அதில் ஏற ஆசை. பட்டா நிலம், உரிமையாளர் சம்மதித்துவிட்டார். நூலில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தால் உயரம் 18 மீட்டர். நாங்கள் நாலு பேர். இரண்டு பேருக்கு இண்டோர் சுவரில் ஏறியும் பிலே செய்தும் (ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் காப்பது) பழக்கம் உண்டு. வெளியில் ஆங்கர், அதாவது உச்சியில் கயிற்றைத் தாங்கும் கட்டு, போட்ட அனுபவம் யாருக்கும் இல்லை.

பின்பக்கமாக உச்சிக்கு நடந்தே போய்விடலாம். விளிம்பிலிருந்து 6 மீட்டர் உள்ளே பெரிய வேம்பு ஒன்று. அதற்கு 4 மீட்டர் இடப்பக்கம் மினி வேன் அளவில் ஒரு குண்டுக்கல். விளிம்பை ஒட்டியே பாறை வெடிப்பில் ஓர் அத்தி, கணுக்கால் பருமன். அத்தி பக்கத்திலேயே இருப்பதால் அதில் கட்டினால் கயிறு மிச்சம்.

ஹார்டுவேர் கடையில் 12 மி.மீ. நைலான் கயிறு கிலோ கணக்கில் கிடைக்கிறது. "2 டன் தாங்கும்" என்கிறார் கடைக்காரர். எங்களில் கனமானவர் 85 கிலோ. மலையேற்றக் கயிறு வாங்கினால் பட்ஜெட் பாதி அதற்கே போய்விடும். கடைக் கயிறு போதாதா? ஆங்கரை எப்படிப் போடுவது?

உடும்பு பதில்:

கயிறு பற்றி மட்டும் சொல்கிறேன். ஆங்கரை முடிச்சு அண்ணன் வந்து சொல்லட்டும்.

2 டன் என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. புதுக் கயிற்றை முடிச்சில்லாமல், மெதுவாக இழுத்தால் அவ்வளவு தாங்கக்கூடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது அந்தக் கணக்கு இல்லை. முடிச்சுப் போட்டாலே கயிறு பலத்தில் நாலில் ஒரு பங்கு, சில முடிச்சுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நைலான் நனைந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். பிறகு கருங்கல் விளிம்பு. முறுக்குக் கயிற்றில் சுமை தாங்கும் புரிகளே வெளியில் இருக்கின்றன, எனவே உராய்வதெல்லாம் பலம் தரும் இழைதான். மலையேற்றக் கயிற்றில் சுமை தாங்குவது உள்ளே இருக்கும் மையம், அதைச் சுற்றிப் பின்னிய உறை காவல். உறை கிழிந்து வெள்ளை மையம் தெரிந்தால் கயிற்றைக் கழித்துவிடலாம். முறுக்குக் கயிறு அப்படிக் கண்ணில் பட எச்சரிப்பதில்லை.

இன்னொன்று, கடையில் "நைலான்" என்று தருவதில் பல பாலிப்ரோப்பிலீன். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போடுங்கள், மிதந்தால் நைலான் இல்லை. பாலிப்ரோப்பிலீன் வழுக்கும், முடிச்சு தானே தளரும், உராய்வுச் சூட்டில் 160 டிகிரி செல்சியஸ் சுமாரில் உருகிவிடும். நைலான் உருக 220 சுமார் ஆக வேண்டும். போதாததற்கு, 12 மி.மீ. கயிறு பெரும்பாலான பிலே கருவிகளுக்குள் நுழையவே நுழையாது.

வாங்க வேண்டியது ஈஎன் 892 (ஈஎன் என்பது ஐரோப்பியத் தரம்) முத்திரையும், முனையில் வட்டத்துக்குள் 1 என்ற குறியும் உள்ள டைனமிக் கயிறு, அதாவது நீண்டு கொடுத்து வீழ்ச்சியைத் தாங்கும் கயிறு, 9.8 முதல் 10.2 மி.மீ. அந்தத் தரத்தில் 80 கிலோ எடையைக் கடுமையாக விழவிட்டுச் சோதிப்பார்கள். குறைந்தது 5 வீழ்ச்சி தாங்க வேண்டும், முதல் வீழ்ச்சியின் அதிர்ச்சி விசை 12 கிலோ நியூட்டனைத் (ஒரு கிலோ நியூட்டன் சுமார் 100 கிலோ எடை) தாண்டக் கூடாது.

நீளக் கணக்கு: பாறை 18, ஏற 18 இறங்க 18 என 36. பிலே செய்பவர் சற்றுத் தள்ளி நிற்க 3, முடிச்சுகளுக்கு 2. ஆக 41. 50 மீட்டர் எடுங்கள். பிலே பக்கக் கடைசி முனையில் முடிச்சுப் போட மறக்காதீர்கள். ஆளை இறக்கும்போது முனை கருவியை விட்டு உருவிப் போவது மலையேற்ற விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்று.

பட்ஜெட்டை மிச்சம் பிடிக்க வேறு வழி உண்டு. நாலு பேருக்கு நாலு ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை) வேண்டாம். ஏறுபவருக்கு ஒன்று, பிலே செய்பவருக்கு ஒன்று, விளிம்பில் வேலை செய்பவருக்கு ஒன்று, மூன்று போதும். ஷூ, கை வழுக்காமல் பூசும் சாக் பவுடர் அப்புறம். பழைய கயிறு, பழைய ஹார்னஸ் மட்டும் யார் கொடுத்தாலும் வேண்டாம், அது எங்கே எப்படிக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் கயிற்றையும் வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் வைக்காதீர்கள். ஆசிட் பட்ட நைலான் பார்க்க நன்றாகவே இருக்கும், சுமை ஏறும்போது அறும்.

முடிச்சு பதில்:

முதலில் அத்தியை மறந்துவிடுங்கள். வெடிப்பில் வளர்ந்த மரத்துக்கு வேர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க முடியாது. உயிருள்ள மரம், தொடைப் பருமன், மண்ணில் ஊன்றிய வேர், தள்ளினால் அசையாத அடிமரம் என்று நாலும் சேர்ந்தால்தான் ஆங்கருக்கு ஆகும். உங்கள் வேம்பு தேறும். கயிறு மிச்சம் என்பதற்காக அத்தியை எடுக்காதீர்கள்.

குண்டுக்கல்லை இப்படிப் பாருங்கள். அடி தட்டையாகப் படிந்திருக்கிறதா, உருண்டையாக நிற்கிறதா? சரிவில் விளிம்பு நோக்கிச் சாய்ந்திருக்கிறதா? இரண்டு பேர் தோள் கொடுத்துத் தள்ளினால் நெளிகிறதா? சந்தேகம் வந்தால் விடுங்கள். கல்லின் இடுப்பில் கயிறு சுற்றினால் மேல்நோக்கி வழுக்கி உருவிக்கொள்ளும். அடியில், உள்வாங்கிய இடத்தில்தான் சுற்ற வேண்டும்.

ஆங்கருக்குத் தனிக் கயிறு வேண்டும். ஈஎன் 1891 ஏ வகை, 10.5 அல்லது 11 மி.மீ., அதிகம் நீளாத கயிறு. டைனமிக் கயிற்றில் ஆங்கர் போட்டால் ஒவ்வொரு முறை ஆள் தொங்கும்போதும் அது நீண்டு சுருங்கி விளிம்பில் ரம்பம்போல் அறுக்கும். அளவு: வேம்பைச் சுற்ற 4.5, விளிம்பு வரை 6.5, நடு முடிச்சுக்கு 2, குண்டுக்கல் வரை 8, அதைச் சுற்றிக் கட்ட 8. ஆக 29. விளிம்பில் நிற்பவரைக் கட்டிவைக்க இன்னொரு 8. 40 மீட்டர் வாங்குங்கள்.

வேலை செய்யும் வரிசை இது. விளிம்பில் நிற்பவரை முதலில் கட்டுங்கள். வேம்பிலிருந்து வரும் கயிறு விளிம்புக்கு அரை மீட்டர் முன்னால் அவரை நிறுத்திவிட வேண்டும். ஆங்கர் போடும்போதே விழுபவர்களும் உண்டு, அதனால்தான் இதை முதலில் வைத்தேன். அடுத்து, ஆங்கர் கயிற்றை வேம்பின் அடியில் மூன்று சுற்றுச் சுற்றி, முனையில் ஃபிகர் எயிட் (எட்டு வடிவ முடிச்சு) கண்ணி போட்டு, பூட்டுக் கேரபினரால் (வாயைத் திருகிப் பூட்டும் உலோக வளையம்) அதே கயிற்றில் மாட்டுங்கள். சுமையை மரத்தின் உராய்வே தாங்கும், முடிச்சுக்கு வேலை இல்லை, பலமும் குறையாது. கயிற்றை விளிம்புக்குக் கொண்டுவந்து இரட்டையாக மடித்துப் பெரிய ஃபிகர் எயிட். கண்ணி விளிம்பைத் தாண்டி 30 முதல் 50 சென்டிமீட்டர் கீழே தொங்க வேண்டும். மீதியைக் குண்டுக்கல்லுக்கு எடுத்துப்போய், கண்ணியிலிருந்து வேம்புக்கும் கல்லுக்கும் போகும் இரண்டு காலும் ஒரே இறுக்கத்தில் இருக்கும்படி கட்டுங்கள். இறுக்கம் பார்க்கும்போது கண்ணியை, ஏறப்போகும் பாதையின் நேர் மேலே வைத்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இழுத்துச் சரிசெய்தால் ஆள் தொங்கும்போது ஒரே கால்தான் சுமக்கும்.

உங்கள் அளவுப்படி இரண்டு காலுக்கும் இடையே கோணம் சுமார் 34 டிகிரி, சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் சுமையில் 52 சதவீதம் சுமக்கும். நல்லது. 60 டிகிரியில் 58 சதவீதம், 90-இல் 71, 120-இல் ஒவ்வொரு காலும் முழுச் சுமை. விளிம்பை ஒட்டி இரண்டு பக்கமும் தூரத் தூரமாகக் கட்டுபவர்கள் கயிறு மிச்சம் பிடித்ததாக நினைத்து இந்த 120-இல்தான் போய் நிற்கிறார்கள்.

கண்ணியில் இரண்டு பூட்டுக் கேரபினர், வாய்கள் எதிரெதிர்ப் பக்கம் திரும்பி இருக்க வேண்டும். ஏறும் கயிறு இவற்றின் வழியாகத்தான் ஓட வேண்டும். ஸ்லிங்கிலோ (தைத்த பட்டை வளையம்) ஆங்கர் கண்ணியிலோ நேராகக் கோத்தால் நைலான் மேல் நைலான் ஓடி, ஒரே ஒரு இறக்கத்தில் உருகி அறுந்துவிடும். சாவிக்கொத்துக் கேரபினர் கடையில் பார்க்க அச்சு அசலாக இருக்கும். உடலில் 20 கிலோ நியூட்டனுக்குக் குறையாத எண்ணும் ஈஎன் 12275-உம் பொறித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்.

விளிம்பில் ஆங்கர் கயிறு படும் இடத்துக்கு இரட்டைச் சணல் சாக்கு. அதையும் ஒரு சின்னக் கயிற்றால் தனியாகக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் கீழே கிடக்கும்.

கத்திரிவெயில்:

ரொம்ப நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். டாப் ரோப்பில் கயிறு எப்போதும் மேலேயே இருக்கிறதே, விழுந்தாலும் பெரிதாக விழமாட்டோம். அப்படியென்றால் பிலே செய்பவர் கொஞ்சம் தளர்வாக விட்டால் என்ன?

பாறைப்பல்லி பதில்:

பாறையின் கீழ்ப்பகுதியில்தான் ஆபத்து. ஏறுபவர் தரையிலிருந்து 2 மீட்டரில் இருக்கும்போது மேலே போய்த் திரும்பி வரும் கயிறு 34 மீட்டர் சுமார். ஆள் எடையில் டைனமிக் கயிறு 7, 8 சதவீதம் நீளும், தரம் 10 வரை அனுமதிக்கிறது. மேலே கேரபினர் உராய்வால் பிலே பக்கம் கொஞ்சம் குறைவாக நீண்டாலும், பிலே செய்பவர் கெட்டியாகப் பிடித்திருக்கும்போதே 2 மீட்டர் இறங்கிவிடும். அதாவது கால் தரையில் மோதும். அதனால் முதல் 4 மீட்டருக்குக் கயிறு விறைப்பாக இருக்கட்டும், கீழே கூர்க்கல் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.

85 கிலோ ஆளுக்கு 55 கிலோ ஆள் பிலே செய்தால் கீழே இருப்பவர் மேலே பறப்பார். தரையில் ஒரு மரத்திலோ கல்லிலோ அவரைக் கட்டிவையுங்கள், கட்டு அவருக்கு நேர் பின்னால், தளர்வில்லாமல்.

ஏறும் முன் ஒருவரை ஒருவர் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். ஹார்னஸின் மேல் கீழ் இரண்டு கண்ணியிலும் கயிறு போயிருக்கிறதா, ஃபிகர் எயிட்டின் வால் குறைந்தது ஒரு ஜாண் மிச்சம் இருக்கிறதா, கேரபினர் பூட்டியிருக்கிறதா, இடுப்புப் பட்டை கொக்கிக்குள் திரும்பக் கோத்து இறுகியிருக்கிறதா. பாதிப் போட்ட முடிச்சோடு பேச்சில் மறந்து ஏறிய கதை அனுபவசாலிகளிடமே உண்டு.

மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்டு வர நினைத்தால் வேண்டாம். அண்ணாந்து பார்க்க முடியாது, கத்துவது கேட்காது. ஈஎன் 12492 போட்டது வாங்குங்கள், பிலே செய்பவருக்கும் சேர்த்து. கல் விழுவது அவர் தலையில்தான்.

கருங்கல்லில் ஏடு ஏடாகப் பிரிந்த செதில் நிறைய இருக்கும். பிடிக்கும் முன் கை முட்டியால் தட்டுங்கள். கணீரென்றால் பிடிக்கலாம், பானை மாதிரி பொள்ளலாக ஒலித்தால் இழுக்காதீர்கள்.

தேனடை பதில்:

இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்கிறேன். நம் ஊர்ப் பாறைகளில் பெரிய அபாயம் மலைத்தேனீ. விளிம்புக்குக் கீழே, மழை படாத குடைவில் ஒற்றை அடை கருப்புப் பாய் மாதிரி தொங்கும். ஏறும் நாளில் கீழிருந்து முழு முகப்பையும் பைனாகுலரில் பாருங்கள். போன மாதம் இல்லை என்பது கணக்கில்லை, இவை இடம் மாறி வரும். அடை இருந்தால் அந்த முகப்பே வேண்டாம். புகை, கல், ட்ரோன், வாசனைத் திரவியம் எல்லாம் கிளப்பிவிடும்.

கிளம்பிவிட்டால்? ஒரு தேனீ கொட்டிய வாசனையே மற்றதை அழைத்து வரும், அதனால் அடிக்கக் கூடாது. கயிற்றில் ஆள் இருந்தால் முதல் வேலை அவரை இறக்குவது. சிக்கல் என்னவென்றால், கொட்டு வாங்கும் பிலே ஆள் கையை எடுத்துவிடுவார். கயிற்றைத் தானே பிடித்துக்கொள்ளும் வகைப் பிலே கருவி வாங்குங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அப்போதும் கையை எடுப்பது வழக்கமாகிவிடக் கூடாது. பிலே செய்பவர் பையில் தலைக்கு வலை, முழுக்கைச் சட்டை இருக்கட்டும். இறங்கியதும் முகத்தை மூடி ஓடுங்கள், அடர்ந்த புதருக்குள் அல்லது வண்டிக்குள். கிணற்றில் குதித்தால் வெளியே காத்திருக்கும்.

கொடுக்கை எதனாலாவது உடனே வழித்து எடுங்கள், எப்படி என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதுதான் முக்கியம். தொண்டை அடைப்பு, மூச்சிரைப்பு, உடம்பெங்கும் தடிப்பு, தலைசுற்றல் வந்தால் 108. பல பத்துக் கொட்டு வாங்கியவர் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு பிந்தியும் வரும்.

கத்திரிவெயில்:

அத்தி வேண்டாம், ஹார்டுவேர் கயிறு வேண்டாம். மே மாதம் லீவு, அப்போது போகலாமா?

முடிச்சு பதில்:

மேயில் கருங்கல் காலை 10 மணிக்கே தோசைக்கல். கை வியர்த்து வழுக்கும், ஷூ ரப்பர் இளகும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பாருங்கள். மழை பெய்த மறுநாள் வேண்டாம், கருப்பாகப் பாசி ஓடிய தடத்தில் கால் நிற்காது. மேயில் ஆங்கர் மட்டும் தரையில் பழகுங்கள். இரண்டு மரத்துக்கு நடுவில் போட்டு, கண்ணியில் மூன்று பேர் சேர்ந்து இழுங்கள், பிறகு ஒரு காலை அவிழ்த்துவிட்டு மற்றது எவ்வளவு இடம் நகருகிறது என்று பாருங்கள். பாறையில் ஏறும் முதல் நாளுக்கு முன் வெளியில் ஆங்கர் போடத் தெரிந்த ஒருவரை அழைத்துவந்து நீங்கள் போட்டதைக் காட்டிவிடுங்கள்.

அப்புறம், மதுரைக் குன்றுகளில் சமணர் படுக்கையும் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்தும் உள்ள குகைகள் நிறைய. உங்கள் நிலத்தில் இல்லை என்றாலும் பக்கத்தில் இருக்கலாம். அந்தப் பாறையில் கயிறு, சாக் பவுடர், ஆணி எதுவும் படக் கூடாது.