சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு 19 பேர்: அப்பாவை எப்படிக் கிளப்புவது?

லெஸ்டர்க்காரன்:
வணக்கம். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை ஐந்து குடும்பமாக வேன் பிடித்து, டெர்பிஷயரில் இருக்கும் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குப் போகிறோம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார். சின்னமனூர்ப் பக்கம் நாற்பது வருடம் விவசாயம், கடைசிப் பத்து வருடம் ஜி9 வாழை. "பணக்காரன் வீட்டுக் கட்டிலைப் பாக்க டிக்கெட் வேறயா?" என்கிறார். முழங்கால் வலியும் உண்டு. வீடு, தோட்டம் இரண்டுக்கும் எடுப்பதா, தோட்டம் மட்டும் போதுமா?

நாட்டிங்காம் அக்கா:
தம்பி, மூன்று முறை கூட்டத்தோடு போய் வந்தவள் சொல்கிறேன். இரண்டுக்கும் எடுங்கள், ஆனால் வீட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். சாப்பிட்டபின் மாடிப்படி என்றால் யாரும் அசையமாட்டார்கள். முதல் முறை எங்களுக்கு அதுதான் நடந்தது. பாதிப் பேர் புளியோதரையை முடித்துவிட்டுப் புல்லிலேயே படுத்துவிட்டார்கள்.

உள்ளே இசை அறையில் ஒரு கதவுக்குப் பின்னால் வயலின் தொங்கும். தொங்கவில்லை, அது ஓவியம். கிட்டப் போய்ப் பார்த்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அப்பாவிடம் கட்டிலைப் பற்றிப் பேசாதீர்கள். அந்த வீடு டெவன்ஷயர் பிரபுக்களுடையது, குடும்பப் பெயர் கேவண்டிஷ். 1830களில் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் மொரீசியஸிலிருந்து வந்த ஒரு வாழையை அங்கே கண்ணாடி வீட்டில் வைத்துக் குலை தள்ள வைத்தார். முதலாளி பேரையே வாழைக்கும் வைத்தார்கள். அப்பா போட்ட ஜி9 அந்தக் கேவண்டிஷ் வகைதான். நம் ஊர் மோரிஸ் பழம் என்ற பெயரும் மொரீசியஸைத்தான் சொல்கிறது.

தோட்டம் 105 ஏக்கர், மேடு பள்ளம். சக்கர நாற்காலிக்கு முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

மழைக்கோட்டு:
அக்கா சொன்னது சரி. ஒன்று மட்டும்: தோட்டத்தில் இலையில்லாத மரம் மாதிரி ஒரு செம்பு மரம் நிற்கும். பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், கிளையெல்லாம் தண்ணீர் பீய்ச்சும். என் அத்தையின் பட்டுச்சேலை போச்சு. அப்புறம் பெரிய நீரூற்று: ரஷ்யச் சக்கரவர்த்தி வருகிறார் என்று 1844இல் அவசரமாகக் கட்டினார்கள், ராத்திரியிலும் வேலை நடந்ததாம். கடைசியில் அவர் வரவே இல்லை. ஒரு காலத்தில் 90 மீட்டர் வரை எழும்பியிருக்கிறது. காற்றடித்தால் குறைத்துவிடுவார்கள்.

லெஸ்டர்க்காரன்:
போய் வந்துவிட்டோம், நன்றி. வாழைக் கதையை வேனிலேயே சொன்னேன், அப்பா நம்பவில்லை. வீட்டுக்குள் ஒப்புக்கு நடந்தார், வயலினிடம் மட்டும் நின்றார். அந்த நீரூற்றுக்கு முன்னால் அரைமணி நேரம். "மோட்டார் எங்கேடா?" என்றார். மோட்டாரே கிடையாது, மேலே குன்றில் ஏரி வெட்டி, அங்கிருந்து குழாயில் இறங்கும் வேகத்திலேயே பாய்கிறது என்றேன். ரொம்ப நேரம் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும்னு ராத்திரி முழிச்சுக் கிடக்க வேண்டாம்" என்றார்.