காவடி முள் குத்திய இடத்தில் கெலாய்டு தழும்பு: அடுத்து எந்த ஊசி?

வணக்கம். இடம் தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த். மாநிறத்தைவிடக் கருத்த தோல், வயது 27. போன வருஷத் தைப்பூசக் காவடியில் முதுகில் குத்திய முள் காயங்களில் ஆறு தடம் தெரியாமல் ஆறிவிட்டன. வலது தோள்பட்டையில் ஒன்று மட்டும் மூன்றாம் மாதம் தடிக்கத் தொடங்கி, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தது. இப்போது நீளம் 14 மில்லிமீட்டர், உயரம் 5. ராத்திரியில் அரிப்பு, சட்டை உரசினால் சுருக்கென்று வலி.

சிலிகான் ஷீட்டை ஐந்து மாதம் ஒட்டியாயிற்று. நாளுக்கு 12 மணி நேரமாவது இருக்க வேண்டும். இந்த ஊர் வேர்வையில் மூன்று மணி நேரத்தில் ஓரம் சுருண்டு, அடியில் வேர்க்குரு. ஜெல்லுக்கு மாறியதும் அரிப்பு குறைந்தது, உயரம் குறையவில்லை. வெங்காயச் சாறு க்ரீம் வீண்செலவு.

பிறகு ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, மில்லிக்கு 40 மில்லிகிராம், நான்கு வாரத்துக்கு ஒன்றாக நான்கு. உயரம் பாதியானது. ஆனால் கடைசி ஊசி கொஞ்சம் தள்ளி இறங்கியதோ என்னவோ, சுற்றி வெள்ளை வளையம், ஒரு பக்கம் தோல் குழிந்துவிட்டது. நிறுத்திப் பத்து வாரம், மறுபடி தடிக்கிறது.

வெட்டி எடுப்பது மட்டும் வேண்டாம், பெரிதாகத் திரும்பக்கூடும். உறைய வைக்கும் சிகிச்சையில் கருத்த தோல் இன்னும் வெளுக்கக்கூடும்.

ட்ரையாம்சினோலோனைக் குறைத்து 5-ஃப்ளூரோயுராசில் என்ற புற்றுநோய் மருந்தோடு கலந்து போட்டுக்கொண்டவர்கள் யாராவது உண்டா, வெளுப்பு கூடாமல் எத்தனை ஊசியில் தட்டையானது?