எஸ்கியூலைட்டில் ஓர் அட்டவணையை மாற்றி அமைத்தபோது மற்றோர் அட்டவணை காலியாகிவிட்டது: காரணம் என்ன?

நூலகப்பணி:

வணக்கம். எங்கள் ஊரில் தன்னார்வலர்கள் நடத்தும் சிறு நூலகம் ஒன்றின் இரவல் கணக்கை, பைத்தானில் எழுதிய செயலி ஒன்றின் வழியாக எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். ‘உறுப்பினர்’ என்ற அட்டவணையில் ஏறத்தாழ 4,200 பதிவுகளும், ‘இரவல்’ என்ற அட்டவணையில் ஏறத்தாழ 61,000 பதிவுகளும் உள்ளன. இரவல் பதிவு ஒவ்வொன்றும் உறுப்பினர் எண்ணை ஃபாரின் கீயாக (வேறோர் அட்டவணையின் பதிவோடு இணைக்கும் சுட்டியாக) கொண்டுள்ளது. ஓர் உறுப்பினரை நீக்கினால் அவருடைய இரவல் பதிவுகளும் சேர்ந்தே நீங்கும்படி ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ என்று அறிவித்திருக்கிறேன்.

உறுப்பினர் அட்டவணையில் ‘கைப்பேசி’ என்ற நெடுவரிசை ‘நாட் நல்’ (காலியாக விடக் கூடாது) என்று இருக்கிறது. இப்போது பள்ளிப் பிள்ளைகளையும் உறுப்பினராகச் சேர்க்க முடிவு செய்துள்ளோம். கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பொய்யான எண் ஒன்றைப் பதிய எனக்கு மனம் ஒப்பவில்லை; ஆகவே அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். எங்கள் கணினியில் உள்ள எஸ்கியூலைட் 3.40 பதிப்பில், அட்டவணையின் அமைப்பை மாற்றும் ‘ஆல்டர் டேபிள்’ கட்டளையால் இது இயலாது என்பதால், புதிய அட்டவணையை உருவாக்கித் தரவை நகர்த்தும் வழியைப் பின்பற்றினேன்.

நல்ல வேளையாக, தரவுத்தளத்தின் நகல் ஒன்றில்தான் செய்து பார்த்தேன். செயலி பயன்படுத்தும் அதே இணைப்பில் முதலில் டிரான்சாக்ஷனை (முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் கைவிடப்படும் கட்டளைத் தொகுப்பை) தொடங்கும் ‘பிகின்’, அடுத்து ஃபாரின் கீ கண்காணிப்பை நிறுத்தும் அமைப்புக் கட்டளையான ‘பிராக்மா ஃபாரின் கீஸ் ஆஃப்’, பிறகு ‘உறுப்பினர்_புதிது’ அட்டவணையை உருவாக்கித் தரவைப் படியெடுத்தல், பழைய அட்டவணையை ‘டிராப் டேபிள்’ கட்டளையால் நீக்குதல், புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுதல், இறுதியாக மாற்றங்களை உறுதிசெய்யும் ‘கமிட்’ என்ற வரிசையில் கட்டளைகளை இட்டேன். எந்தக் கட்டளையும் பிழை காட்டவில்லை; உறுப்பினர் பதிவுகள் அனைத்தும் சரியாக உள்ளன; உடைந்த இணைப்புகளைத் தேடும் ‘ஃபாரின் கீ செக்’ கூடக் குறை எதையும் சொல்லவில்லை. ஆனால் இரவல் அட்டவணையில் ஒரு பதிவுகூட இல்லை. நான் தொடாத அட்டவணை எவ்வாறு காலியானது என்பதை யாராவது விளக்க முடியுமா?

அடித்தளம்:

நண்பரே, நகலில் செய்து பார்த்த தங்கள் நிதானம்தான் ஏழாண்டுக் கணக்கைக் காப்பாற்றியிருக்கிறது. நடந்தவை இரண்டு, இரண்டும் சேர்ந்ததால்தான் இந்த விளைவு.

முதலாவது, ஃபாரின் கீ கண்காணிப்பை நிறுத்தும் அந்த பிராக்மா, டிரான்சாக்ஷனுக்கு உள்ளே இட்டால் வேலை செய்யாது. பிழை எதையும் காட்டாமல், ஒன்றுமே செய்யாமல் கடந்துபோகும். தாங்கள் ‘பிகின்’ இட்ட பிறகு அதை இட்டிருக்கிறீர்கள். ஆகவே கண்காணிப்பு நின்றதாகத் தாங்கள் எண்ணியிருந்த நேரம் முழுவதும் அது இயங்கிக்கொண்டுதான் இருந்தது. இரண்டாவது, கண்காணிப்பு இயங்கும் நிலையில் ஓர் அட்டவணையை ‘டிராப்’ செய்தால், எஸ்கியூலைட் முதலில் அதிலுள்ள பதிவுகள் அனைத்தையும் உள்ளுக்குள் ‘டெலீட்’ செய்கிறது. அப்போது ட்ரிக்கர்கள் (பதிவு மாறும்போது தானாக இயங்கும் கட்டளைகள்) கிளம்புவதில்லை. ஆனால் ‘கேஸ்கேட்’ போன்ற ஃபாரின் கீ செயல்கள் நிறைவேறுகின்றன. எல்லா உறுப்பினர்களும் நீக்கப்பட்டதாகக் கொண்டு, எல்லா இரவல் பதிவுகளையும் அது நீக்கிவிட்டது. மிஞ்சிய இரவல் பதிவு எதுவும் இல்லாததால் ‘ஃபாரின் கீ செக்’ குறை கூற எதுவும் இருக்கவில்லை.

ஃபாரின் கீயை நடைமுறைப்படுத்தும் வசதி 2009-இல் 3.6.19 பதிப்பில் வந்தது. பழைய செயலிகள் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக அது பொதுவாக அணைந்த நிலையிலேயே இருக்கும். ஒவ்வோர் இணைப்பும் தனக்கென்று அதை இயக்கிக்கொள்ள வேண்டும். தங்கள் செயலி இணைப்பைத் திறந்தவுடன் அதை இயக்குகிறது என்று ஊகிக்கிறேன். இதே கட்டளைகளைக் கட்டளைவரிக் கருவியில் இட்டிருந்தால் இரவல் பதிவுகள் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஆனால் தவறும் தெரியாமலே போயிருக்கும்.

எனவே, டிரான்சாக்ஷனுக்கு வெளியே, முதல் கட்டளையாகவே அந்த பிராக்மாவை இடுங்கள். இட்டதோடு நின்றுவிடாமல், அதன் மதிப்பைத் திரும்பக் கேட்டு 0 என்று வந்தால் மட்டும் மேற்கொண்டு செல்லும்படி நிரலில் எழுதுங்கள். பிறகு ‘பிகின் இம்மீடியட்’ இட்டால், இடையில் வேறோர் இணைப்பு எழுத வழியில்லாமல் பூட்டு தொடக்கத்திலேயே தங்கள் கைக்கு வந்துவிடும். ‘கமிட்’ செய்வதற்கு முன் ‘ஃபாரின் கீ செக்’ இட வேண்டும். அது பிழையை எழுப்பும் கட்டளை அன்று, உடைந்த இணைப்புகளைப் பதிவுகளாகத் திருப்பித் தரும் கட்டளை. அந்தப் பதிவுகளை நிரல் படித்துப் பார்த்து, ஒன்று இருந்தாலும் ‘ரோல்பேக்’ செய்ய (மாற்றங்களைக் கைவிட) வேண்டும். இரவல் அட்டவணையின் எண்ணிக்கையையும் முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். ‘கமிட்’ ஆன பிறகு கண்காணிப்பை மீண்டும் இயக்குங்கள்.

வரப்பு:

மேலே சொன்னது முற்றிலும் சரி. பலர் இடறும் இன்னோர் இடத்தையும் சுட்ட விரும்புகிறேன். பழைய அட்டவணைக்கு முதலில் ‘உறுப்பினர்_பழையது’ என்று பெயர் மாற்றிவிட்டு, பிறகு அந்தப் பெயரில் புதியதை உருவாக்கும்படி பல பழைய குறிப்புகள் சொல்கின்றன. அந்த வழியில் செல்ல வேண்டாம். 2018-இல் வெளிவந்த 3.26 பதிப்பு முதல், ஓர் அட்டவணையின் பெயரை மாற்றினால் அதைச் சுட்டும் ஃபாரின் கீகளும் கூடவே மாறிவிடுகின்றன. அதாவது, இரவல் அட்டவணை ‘உறுப்பினர்_பழையது’ என்பதைச் சுட்டத் தொடங்கும். அதைத் தாங்கள் நீக்கிய பிறகு, இல்லாத ஓர் அட்டவணையைச் சுட்டியபடி அது நிற்கும். புதியதை வேறு பெயரில் உருவாக்கி, பழையதை நீக்கி, அதன் பிறகே பெயர் சூட்டும் தங்கள் வரிசைதான் சரியானது.

பழைய அட்டவணை நீங்கும்போது அதன் இன்டெக்ஸ்களும் (தேடலை விரைவாக்கும் குறியீடுகளும்) ட்ரிக்கர்களும் கூடவே நீங்கிவிடும் என்பதால், ‘எஸ்கியூலைட்_ஸ்கீமா’ அட்டவணையிலிருந்து அவற்றின் உருவாக்கக் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு, பெயர் சூட்டிய பின் மீண்டும் இடுங்கள். வியூக்கள் (பெயரிட்டுச் சேமித்த வினவல்கள்) நீங்குவதில்லை, ஆயினும் உறுப்பினர் அட்டவணையைச் சுட்டும் வியூ ஏதேனும் இருந்தால், அந்த அட்டவணை இல்லாத இடைவெளியில் பெயர் மாற்றும் கட்டளை பிழை தரக்கூடும். அவற்றை முதலில் நீக்கிவிட்டு இறுதியில் மீண்டும் உருவாக்குவதே நான் கடைப்பிடிக்கும் முறை.

‘ரைட்டபிள் ஸ்கீமா’ பிராக்மாவை இயக்கி, சேமித்து வைக்கப்பட்டுள்ள அட்டவணை வரையறையிலிருந்து ‘நாட் நல்’ என்ற சொற்களை மட்டும் அழித்துவிடும் வழியும் உண்டு. வட்டில் உள்ள தரவின் வடிவம் மாறாததால் இந்த ஒரு தேவைக்கு அது பொருந்தும். ஆனால் அந்த வரையறையில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் தரவுத்தளம் திறக்க முடியாமல் போகலாம். பல கோடிப் பதிவுகள் இருந்தால் அதைக் கருதிப் பார்க்கலாம். 4,200 பதிவுகளைப் படியெடுக்க நொடிகூட ஆகாதபோது அந்த ஆபத்தை ஏற்கக் காரணம் இல்லை.

ஏடகம்:

படியெடுக்கும் கட்டளையைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரும் கவலை. நெடுவரிசைகளின் பெயர்களை இருபுறமும் முழுமையாக எழுதுங்கள்; எல்லா நெடுவரிசைகளையும் குறிக்கும் நட்சத்திரக் குறியை நம்பினால், நெடுவரிசைகளின் வரிசை மாறியிருக்கும்போது முகவரி பெயராகவும் பெயர் முகவரியாகவும் பதிவாகும். அந்தப் பெயர்களை இரட்டை மேற்கோளில் இடாதீர்கள். எஸ்கியூலைட், இரட்டை மேற்கோளில் உள்ள பெயரில் நெடுவரிசை எதுவும் இல்லையென்றால், இயல்பான அமைப்பில் அதை வெறும் சரமாக (எழுத்துத் தொடராக) எடுத்துக்கொள்ளும். தங்கள் நெடுவரிசை ‘கைப்பேசி’. அவசரத்தில் ஒற்று விட்டு ‘கைபேசி’ என்று இரட்டை மேற்கோளில் எழுதினால் பிழை வராது, 4,200 பேருக்கும் ‘கைபேசி’ என்ற சொல்லே எண்ணாகப் பதிவாகிவிடும். பதிவுகளின் எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும்; ஆகவே எண்ணிக்கையை ஒப்பிடுவதோடு நில்லாமல், சில பதிவுகளைக் கண்ணாலும் பாருங்கள்.

பைத்தானில் செய்வதால் இன்னொன்று: பல கட்டளைகளை ஒரே அழைப்பில் இயக்கும் ‘எக்ஸிகியூட்ஸ்கிரிப்ட்’ என்ற செயற்கூறு, பழைய வழக்கப்படியான டிரான்சாக்ஷன் முறையில், நிலுவையில் உள்ள டிரான்சாக்ஷனைத் தானாகக் ‘கமிட்’ செய்துவிட்டுத்தான் தொடங்கும். வெளியே ‘பிகின்’ இட்டுவிட்டு மற்றவற்றை அதனிடம் ஒப்படைத்தால், பாதியில் பிழை வரும்போது ‘ரோல்பேக்’ செய்ய எதுவும் இருக்காது. கட்டளைகளை ஒவ்வொன்றாக இடுங்கள்.

உறுப்பினர் எண் ‘ஆட்டோ இன்க்ரிமென்ட்’ (தானாகக் கூடிச்செல்வது) என்றால், ‘எஸ்கியூலைட்_சீக்வென்ஸ்’ அட்டவணையில் உள்ள, இதுவரை வழங்கிய இறுதி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய அட்டவணைக்கு அது படியெடுத்த பதிவுகளின் உச்ச எண்ணிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சேர்ந்தவர்கள் நீக்கப்பட்டிருந்தால் அவர்களுடைய எண்கள் புதியவர்களுக்கு மீண்டும் வழங்கப்படும்.

காப்பு நகலுக்கு, தரவுத்தளம் டபிள்யூஏஎல் முறையில் (மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் முறையில்) இயங்கினால் முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுப்பது போதாது. அண்மைய மாற்றங்கள் துணைக் கோப்பில் இருக்கக்கூடும். 3.27 பதிப்பு முதல் உள்ள ‘வேக்யூம் இன்டூ’ கட்டளை முழுமையான நகல் ஒன்றைத் தனிக் கோப்பாகத் தரும்.

நூலகப்பணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அடித்தளம் அவர்கள் ஊகித்தது சரியே. செயலி இணைப்பைத் திறந்தவுடன் கண்காணிப்பை இயக்கும் வரி ஒன்றை நான்தான் எழுதியிருந்தேன். ‘பிகின்’ இட்ட பிறகு பிராக்மாவின் மதிப்பைக் கேட்டுப் பார்த்தேன். ‘ஆஃப்’ இட்ட பின்னும் 1 என்றே வந்தது.

‘வேக்யூம் இன்டூ’ மூலம் புதிய நகல் எடுத்து, வரிசையைத் திருத்தி மீண்டும் செய்தேன். இரவல் பதிவுகள் ஒன்றும் குறையவில்லை. ஆனால் ஏடகம் அவர்கள் சொன்ன இறுதி எண், முன்பு 4,391 ஆக இருந்தது, மாற்றத்திற்குப் பின் 4,388 ஆகிவிட்டிருந்தது. கடைசியாகச் சேர்ந்த மூவர் ஊரைவிட்டுச் சென்றதால் சென்ற மாதம் அவர்களை நீக்கியிருந்தோம். அந்த எண்கள் அச்சிட்ட அட்டைகள் இன்னும் அவர்களிடமே இருக்கின்றன. பழைய எண்ணை அதே டிரான்சாக்ஷனுக்குள் மீண்டும் எழுதும்படி நிரலில் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நூலகம் மூடியிருக்கும் நேரத்தில் உண்மையான தரவுத்தளத்தில் இதைச் செய்யவிருக்கிறேன்.