மறு: வி.ஆருக்குத் தமிழ்ல என்ன சொல்றது? 'மெய்நிகர் உண்மை' போதுமா?

எல்லாருக்கும் வணக்கம், மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்து எழுதுறேன். வி.ஆர்.னா வர்ச்சுவல் ரியாலிட்டி, கண்ணாடி மாட்டுனா வேற ஒரு இடத்துக்குள்ளயே இருக்குற மாதிரி காட்டுற நுட்பம், அதுக்குத் தமிழ்ச்சொல் தேடுற இழைதான் இது. நாலு நாளா இந்த இழைய படிச்சிட்டேதான் இருந்தேன், இன்னைக்கு ஸ்கூல் லீவு, பசியாறிட்டு உக்காந்துட்டேன்.

> 'மெய்நிகர் உண்மை'ன்னு ஏற்கனவே இருக்கே, பத்திரிகையில எல்லாம் போடுறாங்க, புதுசா எதுக்கு?

ஐயா, 'மெய்நிகர்' நல்ல சொல்லுதான், ஆனா அது வேற வேலைக்குப் போயிடுச்சு. போன மாசம் சூரிய மண்டலம் பாடத்துக்கு வி.ஆர். காணொளி தேடுனப்ப தமிழ்லயே தேடிப் பாப்போமேன்னு 'மெய்நிகர் பாடம்'னு தட்டுனேன். வந்ததெல்லாம் 2020 எம்சிஓ (கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு) காலத்து ஸூம் வகுப்பு, மெய்நிகர் ஆண்டுக்கூட்ட அறிவிப்பு, மெய்நிகர் பட்டிமன்றம். நம்ம பக்கம் ஆன்லைனுக்கு 'இயங்கலை'ன்னு சொல்ற இடத்துலயும் இப்ப அதத்தான் போடுறாங்க. தேடுற ஆசிரியருக்குக் கெடைக்கலன்னா அந்தச் சொல்லால என்ன பிரயோஜனம் சொல்லுங்க. அதோட 'உண்மை'ன்னா பிள்ளைங்களுக்குப் பொய்க்கு எதிர்ச்சொல், நன்னெறிப் பாடத்துல வர்ற சொல்லு, அத கொண்டுவந்து கண்ணாடிக்குள்ள தெரியிற செவ்வாய்க்கு வச்சா குழம்பிடுவாங்க.

'மாய உலகு'ன்னு எழுதுன அக்காவுக்கு: மலாய்ல 'ரியாலித்தி மாயா'ன்னு இருக்குறதால அது நமக்குச் சுலபமா வாயில வந்துடுது, மூலம் ரெண்டுக்கும் அதே மாயைதான். ஆனா மலாய்ல 'ஆலாம் மாயா'ன்னா வெறும் இணைய உலகம், தமிழ்ல மாயம்னா மந்திரவாதி வேலை, இல்லன்னா காணாமப் போறது. பேசாம வி.ஆர்.னே வச்சுக்கலாம்னு சொன்ன அண்ணே, நம்ம தாத்தாமாருங்க இங்கிலீஷ் பரேட்ட 'பெரட்டு'ன்னு ஆக்கி, தோட்டத்துல காலையில ஆள் கூடுற இடத்தப் பெரட்டுக்களம்னு பேசுனவங்கதான், இரவல் சொல்லுக்கு நான் எதிரி இல்ல, பேச்சுல வி.ஆர். இருந்துட்டுப் போகட்டும். ஆனா பயிற்சித்தாள்ல எழுதுறதுக்குப் பொருள் தெரியிற மாதிரி ஒன்னு வேணும்.

நான் கேட்டத சொல்றேன். எங்க வகுப்புல இருக்குறது அட்டையில செஞ்ச கண்ணாடி ஆறு, கூகுள் 2014ல விட்டுச்சே அந்த மாதிரிதான், ரெண்டு வில்லை, ரப்பர் பேண்டு, உள்ள கைப்பேசி. அதுல நாசாவோட கியூரியாசிட்டி வண்டி செவ்வாய்ல எடுத்த 360 காட்சிய, அதான் எந்தப் பக்கம் திரும்புனாலும் தெரியிற காட்சிய, யூடியூப்ல போட்டு, இங்கிலீஷ் சத்தத்த அடக்கிட்டு நானே தமிழ்ல சொல்லிட்டு வந்தேன். ஒரு பையன் கண்ணாடிய மூஞ்சில அழுத்திப் பிடிச்சிக்கிட்டு மெதுவா முழுசா ஒரு சுத்து சுத்துனான், காலால தரையத் தடவிப் பாத்தான், "டீச்சர், நான் உள்ள போயிட்டேன், மண்ணு பூரா செவப்பா இருக்கு"ன்னான். பாத்தேன்னு சொல்லல, உள்ள போயிட்டேன்னுதான் சொன்னான். அடுத்து வந்த பிள்ளையும் "நானும் உள்ள போறேன்"னுதான் கையை நீட்டுச்சு.

அதனால நான் முன்வைக்கிறது புகுவெளி. புகுந்த, புகுகிற, புகும் வெளி, சுடுசோறு ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, விண்வெளில இருக்குற அதே வெளி. கண்ணாடிக்குப் புகுவெளிக் கண்ணாடி, பாடத்துக்குப் புகுவெளிப் பாடம்னு ஒட்டுறதும் சுலபம், இன்னைக்குத் தேடுனா ஸூம் கூட்டம் எதுவும் குறுக்க வராது.

ஒன்ன மட்டும் பிரிச்சு வைக்கணும்னு ஆசப்படுறேன். 360 காட்சில தலையத் திருப்பலாம், ஆனா நடந்து கிட்டப் போக முடியாது. எழுந்து நடந்தா அந்த உலகத்துக்குள்ளயும் நடந்து கிட்டப் போற வசதி விலை கூடுன கண்ணாடிலதான் இருக்கு. முன்னதுக்குச் சுற்றுக்காட்சின்னு வச்சுட்டா ஆசிரியருங்க எது வேணும்னு தெளிவாக் கேக்கலாம். தலையத் திருப்புறதுக்கே கைப்பேசில ஒன்னு இருக்கணும்னு தெரியாமத்தான் நாங்க ஏமாந்தோம். ஒரு கடையில பத்து கண்ணாடி வாங்குனோம், 'எந்தக் கைப்பேசிக்கும் ஆகும்'னாங்க, கொண்டாந்து போட்டா பாதி ஃபோன்ல ஜைரோஸ்கோப்பே (ஃபோன் திரும்புறத உணர்ற கருவி) இல்ல, தலையத் திருப்புனாலும் படம் அப்படியே நிக்கிது. பிஐபிஜி, அதான் பெற்றோர் ஆசிரியர் சங்கக் காசு அது, பெற்றோருங்க போட்டது, இன்னும் மனசு ஆறல. வாங்குறவங்க முதல்ல ஃபோன்ல அது இருக்கான்னு பாருங்க. வி.ஆர். சுற்றுலா காட்டுன கூகுள் எக்ஸ்பெடிஷன்ஸ் செயலின்னு பழைய வழிகாட்டில இருந்தா தேடாதீங்க, 2021ல மூடிட்டாங்க, அதுல இருந்த சுற்றுலாக்கள்ல நெறைய கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் பக்கத்துக்குப் போயிடுச்சு. மெட்டா குவெஸ்ட் மாதிரி விலை கூடுன கண்ணாடி வாங்க நெனச்சா 10 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு அது கெடையாதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க, அப்ப மூணாம் ஆண்டு வரைக்கும் அத நெனைக்கவே வேணாம்.

> சொல்லு வைக்கிற நேரம் போயிடுச்சு, இங்கிலீஷ் சொல்லு வேரூனிடுச்சு.

அப்படி இல்லண்ணே. கணினி அறிஞர் ஐவன் சதர்லண்ட் தலையில மாட்டுற கருவிய 1968ல செஞ்சிட்டாரு, கூரையில இருந்து தொங்க விட்டிருந்தாங்க அவ்ளோ கனம். வர்ச்சுவல் ரியாலிட்டிங்கிற பேர ஜாரன் லேனியர் பரப்புனது 1980கள்லதான். அங்கயே பொருள் வந்து ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் பேரு நின்னுச்சு.

தமிழ்ல உள்ளடக்கமே இல்லன்னு அக்கா வருத்தப்பட்டிருந்தீங்க, நெசந்தான். அதனால 360 கேமரா ஒன்ன இரவல் வாங்கி, தோட்டத்துல இன்னும் மிச்சமிருக்குற பால்மரத்துக்கிட்ட (ரப்பர் மரம்) விடியகாலையிலயே போயிட்டோம், வெயில் ஏறுனா பால் நின்னுடும். பக்கத்து லயத்துத் தாத்தா ஒருத்தர் பழைய வெட்டுக் கோட்டுக்குக் கீழ மெல்லிசா ஒரு சீவு சீவுனாரு, பால் சரிஞ்சு வந்து மங்குல (கிண்ணம்) சொட்டுது, வெட்டுல காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்குற ஒட்டுப்பால உரிச்சுக் காட்டுறாரு. சுத்திப் பாத்தா அந்தப் பக்கம் பூரா எண்ணெய் எடுக்குற செம்பனை. எங்க பிள்ளைங்க பாதிப் பேரு பால்வெட்டு பாத்ததே இல்ல, அவங்க பாட்டி செஞ்ச வேலை அது. நாலு நிமிஷக் காணொளி, தாத்தா பேச்சும் அப்படியே இருக்கு. 'சுற்றுக்காட்சி: பால்மரம் வெட்டு'ன்னு தலைப்புப் போட்டு இன்னைக்குச் சாயங்காலம் ஏத்துறேன், யாருக்கு வேணும்னாலும் வகுப்புல போட்டுக்குங்க.

புகுவெளில குறை தெரிஞ்சா சொல்லுங்க, குறிப்பா யாழ்ப்பாணத்துல இருந்து எழுதுறவங்க, உங்க பக்கம் 'புகு' பேச்சுல இருக்கா?

அன்புடன்,
சுங்கை சிப்புட் ஆசிரியை