ஆட்டைக் காரில் ஏற்றுவதைப் பார்த்தேன். பேர் வெளியே வராமல் போலீஸிடம் சொல்ல முடியுமா?

பால்வண்டி:
மூன்றடைப்புப் பக்கம் எங்கள் ஊர். விடியுமுன் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவன். முந்தாநாள் குளத்துக்கரை ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் லைட்டை அணைத்துவிட்டு நின்றது. இரண்டு பேர், வாயில் துணி கட்டிய கிடாவைப் பின் சீட்டுக்குள் திணிக்கிறார்கள். கதவிடுக்கில் கால் மாட்டிக்கொண்டது. ஒருவன் முழங்காலால் நெட்டித் தள்ளிக் கதவை அடைத்தான். வண்டி நம்பரைப் பால் சிட்டையின் பின்னால் எழுதிவைத்திருக்கிறேன். கார் நாங்குநேரிப் பக்கம் போனது.

ஆடு பக்கத்துத் தெரு ஆச்சியுடையது. முதியோர் பென்ஷனும் ஆடும்தான் அவருக்குப் பிழைப்பு. வீட்டில் 'நமக்கெதுக்கு வம்பு' என்கிறாள். ஒருவன் எங்கேயோ பார்த்த முகம். பக்கத்து ஊர்க்காரனாக இருந்தால் ஆட்டுத் திருட்டு ரெண்டு ஊர்ச் சண்டையாகிவிடும். நம்ம பக்கம் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வள்ளியூர் மாப்ள:
அண்ணாச்சி, விட்டுருங்க. என் மச்சான் ஒரு அடிதடி கேஸில் சாட்சி. வாய்தா வாய்தாவாக அலைந்து கூண்டில் ஏறுகிற நேரம் பார்த்து ரெண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டது. இப்போது ரெண்டு வீட்டுக் கல்யாணத்துக்கும் அவனுக்கு மட்டும் பத்திரிகை கிடையாது.

ரிட்டயர்டு ஏட்டு:
தம்பி, தகவல் சொல்வது வேறு, சாட்சி சொல்வது வேறு. ரெண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். போலீஸ் அவசர எண் 112-க்குப் போன் போடுங்கள். கார் நம்பர், நேரம், போன திசை, அவ்வளவு போதும். உங்கள் செல் நம்பர் அங்கே விழும், அதை மறைக்க முடியாது. ஆனால் தகவல் யார் கொடுத்தது என்று சொல்லச்சொல்லி போலீஸ்காரனைக் கோர்ட்கூடக் கட்டாயப்படுத்த முடியாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த சாட்சியச் சட்டத்தில் 131ஆம் பிரிவு; பழைய சட்டத்திலும் இருந்ததுதான்.

நம்பர் இருந்தால் டோல்கேட் கேமராவைப் பார்ப்பது பெரிய வேலையில்லை. முகத்தைப் பற்றி 'அவன் மாதிரி இருந்தது' என்று இழுக்கவே வேண்டாம். நிச்சயமாகத் தெரிந்தால் பேரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் நம்பரோடு நிறுத்துங்கள். அரைகுறையாகச் சொன்ன பேரால்தான் ஊர்ச்சண்டை வரும். அப்புறம், டீக்கடையில் வாயைத் திறக்காதீர்கள். நான் பார்த்தவரை ஸ்டேஷனில் கசிந்ததைவிட அங்கே கசிந்ததுதான் அதிகம். (ஸ்டேஷனில் கசியவே கசியாது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.)

புகாரை ஆச்சி கொடுக்கட்டும். நிறம், கொம்பு, முக்கியமாகக் காது அறுப்பு, எல்லாம் எழுதச் சொல்லுங்கள். மேலப்பாளையம் சந்தையில் கருப்புக் கிடா எத்தனையோ நிற்கும். எந்தக் காதில் எப்படி வெட்டு என்பதுதான் ஆட்டுக்கு ஆதார் கார்டு.

பாளை வக்கீல்:
ஏட்டு அண்ணாச்சி சொன்னது சரி. ஆடு சீக்கிரமே அவர்கள் கையில் பிடிபட்டால், அது எப்படி வந்தது என்று அவர்கள்தான் விளக்க வேண்டியிருக்கும்; உங்களைக் கூண்டில் ஏற்றும் அவசியம் குறையும். விசாரணைக்கே கூப்பிட்டாலும், நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வார்கள், அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஆச்சியை விசாரிப்பதென்றால் அவர் வீட்டுக்குத்தான் வர வேண்டும். பெண்களையும் 60 வயது தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சொல்ல முடியாது.

சொல்லலாமா வேண்டாமா என்று நீங்கள் யோசிக்க முடிவதே இது ஆட்டுத் திருட்டு என்பதால்தான். கொலை, கொள்ளையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கச் சட்டமே விடாது, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 33ஆம் பிரிவு.

பால்வண்டி:
போன் போட்டாச்சு. பேர் கேட்டார்கள், சொல்ல விருப்பமில்லை என்றேன். கார் நம்பரை மறுபடி சொல்லச்சொல்லி எழுதிக்கொண்டார்கள். ஆச்சியின் பேரன் புகார் எழுதுகிறான். வலது காதில் நுனி வெட்டாம். ஸ்டேஷனில் வழக்குப் பதியாமல், புகார் வந்தது என்கிற சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால்?

பாளை வக்கீல்:
எஃப்.ஐ.ஆர். கேட்கச் சொல்லுங்கள், நகல் இலவசம். போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம், பி.என்.எஸ்.எஸ். 173(4)-இல் இருக்கிறது. தபால் ரசீதைப் பேரன் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.