ஃபெராரி 250 ஜிடிஓ: 36-ஆ, 39-ஆ?

செந்தில்_வண்டிநேசன்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குத் தமிழில் ஓர் அட்டவணை தயார் செய்துகொண்டிருக்கிறேன். பெயர், வருடம், மொத்தம் எத்தனை கார்கள் என்று மூன்றே கட்டம். ஃபெராரி 250 ஜிடிஓ-வுக்கு (1962–64) 39 என்று போட்டிருந்தேன். நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு அதை அடித்து 36 என்று எழுதிவிட்டார். மொத்தமே நாற்பதுக்குள் அடங்கிவிடுகிற கார்கள். ஒவ்வொன்றின் சேசிஸ் நம்பரும் தெரியும், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதும் தெரியும். இதிலேயே மூன்று கார் இடிக்கிறது என்றால், ஆயிரக்கணக்கில் செய்த கார்களுக்கு நான் போட்டிருக்கும் எண்களை எப்படி நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வி12_பிரியன்

36 தான். உங்கள் நண்பர் திருத்தியது சரி.

1962–63 பாடியோடு வந்தவை 33. 1964-இல் புதிய பாடியோடு வந்தவை 3. அவ்வளவுதான். 39 என்று சொல்பவர்கள் நான்கு லிட்டர் எஞ்சின் போட்ட மூன்று கார்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவற்றுக்கு 330 ஜிடிஓ என்றே பெயர். 250 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு: பன்னிரண்டு சிலிண்டருக்குச் சுமார் 3000 சிசி. 330-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 3960. பெயரே கணக்கைச் சொல்லிவிடுகிறது. 330-ஐக் கொண்டுவந்து 250 என்ற தலைப்பின் கீழ் எண்ணுவது எந்த ஊர் நியாயம்?

பாலு_கும்பகோணம்

பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள் சார். 3765 என்ற சேசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-இல் நான்கு லிட்டர் எஞ்சினோடு ஃபெராரியின் சொந்த அணிக்காக ஓடிய கார். நூர்பர்க்ரிங் 1000 கிலோமீட்டர் பந்தயத்தில் மொத்தத்தில் இரண்டாம் இடம், தன் பிரிவில் முதலிடம். அப்புறம் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்திலும் ஓடியது. அதன் பிறகு அதில் மூன்று லிட்டர் எஞ்சின் ஏறியது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஏலத்தில் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 330 எல்எம் / 250 ஜிடிஓ. இரண்டு பெயரும்தான்! இப்போது அது உங்கள் 36-க்கு உள்ளேயா, வெளியேயா?

அதே ஸ்கால்யெட்டி பட்டறையில், அதே ஆட்கள் தட்டிச் செய்த அலுமினிய பாடி. எஞ்சின் உயரமாக இருந்ததால் பானட்டில் ஒரு மேடு. வித்தியாசம் என்று கண்ணில் படுவது முக்கியமாக அது ஒன்றுதான். பானட் மேட்டுக்காக ஒரு காரைக் குடும்பத்திலிருந்து தள்ளிவைக்க முடியுமா?

வி12_பிரியன்

வெளியே. பிறக்கும்போது 330, அவ்வளவுதான். பிறகு எஞ்சின் மாற்றினால் பிறப்பு மாறாது. நம் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் தனித்தனியாக இருப்பது எதற்கு? எஞ்சின் மாற்றினால் அந்த ஒரு வரியைத்தான் மாற்றுவார்கள், வண்டி வேறாகிவிடாது.

மெக்கானிக்_துரை

இரண்டு பேரும் ஒன்றைக் கவனிக்கவில்லை, தம்பிகளா. பாலு சொல்கிறபடி பாடிதான் அளவுகோல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது 1964-இல் வேறு பாடியோடு வந்த மூன்றும் வெளியே போக வேண்டும், பானட் மேடு போட்ட மூன்றும் உள்ளே வர வேண்டும். 33 + 3, மறுபடியும் 36! இப்படி எண்ணி எழுதியவர்களும் உண்டு. ஆக இரண்டு பேர் 36 என்று சொன்னாலும் இருவரும் ஒரே கார்களைச் சொல்கிறார்கள் என்று நம்ப முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய பாடியோடு வந்த நான்கு கார்களைத் திரும்பத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் 1964 பாடி போட்டார்கள். 2018-இல் மான்டெரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போன 3413 அப்படிப்பட்ட கார்தான். எனவே புதிய பாடியில் ஏழு கார்கள் உண்டு. படத்தைப் பார்த்து எண்ணுகிற ஆள் பழைய பாடி 33, புதிய பாடி 7 என்று கூட்டினால் 40 வந்துவிடும். நான்கு கார்களை இரண்டு முறை எண்ணியிருப்பார், அது அவருக்கே தெரியாது.

சேசிஸ் நம்பரைப் பிடித்துக்கொண்டால் மட்டும்தான் தப்பிக்கலாம். நாங்கள் பழைய ஃபியட், ஹெரால்டு வண்டிகளுக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்போம். துருவை மண்ணெண்ணெய் துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்போம். எண் மெதுவாக எழும்பி வரும். ஒருமுறை 3 என்று நினைத்தது தாளில் 8 ஆக வந்தது. அந்த ஒரு எண்ணால் பெயர் மாற்றம் இரண்டு மாதம் இழுத்தது. பட்டியலில் ஓர் எண் தவறாக ஏறினால் இல்லாத கார் ஒன்று பிறந்துவிடும்.

அருண்_97

சேசிஸ் நம்பரை நம்பச் சொல்கிறீர்களே, என்ஸோ ஃபெராரியே எண்களைத் தாவித் தாவிப் போட்டு ஏமாற்றியவர்தானே? ஜிடி பிரிவுப் பந்தயங்களில் ஓட 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதி. சோதிக்க வந்தவர்களிடம் அதே கார்களை இடம் மாற்றி மாற்றிக் காட்டி 100 என்று நம்பவைத்தார் என்று படித்திருக்கிறேன்.

ரேவதி_என்

அருண், நல்ல கதை, ஆனால் உண்மை இல்லை. நானும் பல வருடம் இதை நம்பிக்கொண்டிருந்தவள்தான்.

ஏமாற்ற வேண்டிய தேவையே அங்கே இருக்கவில்லை. முந்தைய 250 ஜிடி எஸ்டபிள்யூபி காருக்கு 1960-இலேயே அந்தப் பிரிவில் ஓடலாம் என்ற எஃப்ஐஏ ஏற்பு கிடைத்திருந்தது. அதே சான்றுக்கு நீட்டிப்பு வாங்கி, அதன் மேம்பட்ட வடிவம் என்ற கணக்கில்தான் ஜிடிஓ-வை ஓட்டினார்கள். அது விதியை வளைத்ததுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 100 கார் இருப்பதாக யாரும் யாரிடமும் காட்டவில்லை.

எண்கள் தாவுவதற்குக் காரணம் வேறு. அன்றைய ஃபெராரியில் ஒற்றைப்படை எண்கள் சாலைக் கார்களுக்கும் ஜிடி கார்களுக்கும், இரட்டைப்படை பந்தயத்துக்கென்றே செய்தவற்றுக்கும். ஜிடிஓ-வுக்குத் தனி வரிசை கிடையாது. முதல் கார் 3223, கடைசி எண் 5575. நடுவில் ஆயிரத்துக்கும் மேல் ஒற்றைப்படை எண்கள். அவற்றில் பெரும்பாலானவை மற்ற 250 ஜிடி கார்களுக்குப் போயின. கடைசி எண்ணிலிருந்து முதல் எண்ணைக் கழித்து எத்தனை கார் என்று சொல்வது இங்கே நடக்காது.

அப்புறம், எஃப்ஐஏ எப்போதும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 250 எல்எம் காரையும் ஜிடி என்று ஏற்கச் சொல்லி ஃபெராரி கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கோபத்தில் 1964-இன் கடைசி இரண்டு கிராண்ட் ப்ரீ பந்தயங்களில் ஃபெராரி கார்கள் வழக்கமான சிவப்பை விட்டு நீலம், வெள்ளையில் ஓடின.

அருண்_97

இது தெரியாது அக்கா. நன்றி. எல்லோருமே இப்படித்தான் வளைத்தார்களா?

ரேவதி_என்

எல்லோரும் இல்லை. போர்ஷே 917-க்கு 25 கார் வேண்டும் என்றார்கள். 1969 ஏப்ரலில் இருபத்தைந்தையும் தொழிற்சாலை வாசலில் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அந்தப் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம்.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது வேறொன்று, செந்தில். உங்கள் அட்டவணையில் ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் இருக்கிறதா? 25 கார் செய்வதாகத் திட்டம். 1957 பிப்ரவரி 12 அன்று பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தீப்பிடித்து, ஒன்பது கார்கள் எரிந்தன. வெளியே வந்தது 16. பிறகு ஜாகுவாரின் இரண்டு டி-டைப் பந்தயக் கார்களை எக்ஸ்கேஎஸ்எஸ் ஆக மாற்றினார்கள். 2016-இல் ஜாகுவார் நிறுவனமே எரிந்துபோன ஒன்பதுக்கு ஈடாகப் புதிதாக ஒன்பது செய்வதாக அறிவித்தது, அதுவும் பழைய பதிவேட்டிலிருந்து எண் கொடுத்து. ஜாகுவாரின் லைட்வெயிட் இ-டைப்பிலும் இதே கதைதான். 18 எண் ஒதுக்கி, 1963–64-இல் 12 செய்து, மிச்சமிருந்த ஆறு எண்களுக்கு ஐம்பது வருடம் கழித்து கார் செய்தார்கள்.

இப்போது 16 என்பதா, 18 என்பதா, 25 என்பதா? தொழிற்சாலைப் பதிவேடுதான் கடைசிச் சான்று என்று நாம் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பதிவேட்டிலேயே அறுபது வருடம் கழித்துப் புதிய கார் ஏறுகிறது.

வி12_பிரியன்

எரிந்தது எரிந்ததுதான். 16. இதில் எனக்குக் குழப்பமே இல்லை.

மெக்கானிக்_துரை

லோட்டஸ் எலான் பக்கம் போனால் இன்னும் கஷ்டம். இங்கிலாந்தில் கொள்முதல் வரியைத் தவிர்க்கப் பல கார்களைப் பாகங்களாகவே விற்றார்கள். வாங்கியவர் வீட்டில் பூட்டிக்கொள்வார். பெட்டியில் போனது காரா, பூட்டி முடித்ததும்தான் காரா? சுமார் 12,000 என்பார்கள். அந்த ‘சுமார்’ இல்லாமல் எழுதிவிடாதீர்கள், செந்தில்.

செந்தில்_வண்டிநேசன்

சரி, அட்டவணையை மாற்றிவிட்டேன். ‘எதை எண்ணினோம்’ என்று நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். ஜிடிஓ வரி இப்படி: “36, மூன்று லிட்டர் கார்கள் மட்டும், 1962–63 பாடியில் 33, 1964 பாடியோடு பிறந்தவை 3. நான்கு லிட்டர் கார்கள் 3 அடிக்குறிப்பில்.” எக்ஸ்கேஎஸ்எஸ்: “16, 1957-இல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தவை.” எலானுக்குச் ‘சுமார்’ போட்டாயிற்று.

வி12_பிரியன்

இது போதும். நன்றி.

பாலு_கும்பகோணம்

எனக்குப் போதாது. ஃபெராரி தன் சொந்த அணிக்காக ஓட்டிய 3765 அடிக்குறிப்பில் போகிறது, பணம் கொடுத்து மற்றவர்கள் வாங்கிய கார்கள் மேலே நிற்கின்றன. 36 + 3 என்று ஒரே கட்டத்தில் போடுங்கள் செந்தில். கூட்ட வேண்டுமா வேண்டாமா என்பதைப் படிக்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும்.