42 எப்படி 30 ஆகிறது? 45இல் நிற்பவருக்கு என்ன சொல்வது?

டீச்சர்ஸ், ஒரு யோசனை வேண்டும். நாலாம் வகுப்புக்கு, எண்ணைப் பக்கத்துப் பத்துக்கு முழுதாக்கச் சொல்லித் தருகிறேன். 47 என்றால் 50, பளிச்சென்று சொல்கிறார்கள். 42தான் சிக்கல். "5க்குக் குறைந்தால் கீழே இறங்கணும்" என்று நான் சொன்னதை வைத்து, பத்துகள் இடத்து 4ஐக் குறைத்து 30 என்று எழுதுகிறார்கள்.

தரையில் சாக்பீஸால் 40 முதல் 50 வரை கோடு போட்டு, ஒரு பையனை 42இல் நிற்க வைத்தேன். "எது கிட்டே?" என்றதும் இரண்டே எட்டில் 40க்குப் போய்விட்டான். அது நன்றாக எடுபட்டது. ஆனால் 45இல் நின்ற பெண் நகரவே இல்லை. "ரெண்டு பக்கமும் அஞ்சு எட்டுதானே டீச்சர்?" நியாயமான கேள்வி. மேலே போவதுதான் வழக்கம் என்பதைத் தவிர, ஒன்பது வயதுக்குப் புரிகிற மாதிரி என்ன சொல்வது? 997ஐ 1000 ஆக்காமல், பத்துகள் இடத்து 9ஐ அப்படியே 10 ஆக்கி 9100 என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

உங்கள் வகுப்பில் பலித்த விளையாட்டோ கதையோ இருந்தால் சொல்லுங்களேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் இதே பாடம்.